39 டாலர் கட்ட வேண்டாம் தங்கச்சி

நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். உங்கள் அம்மா நம் மலேசியாவின் கோலசிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் 1995 முதல் 2014 வரை மருந்து அடித்தவர். இப்போது வலது கை நடுங்குகிறது, நடை குறுகிவிட்டது, டாக்டர் பார்க்கின்சன் என்கிறார். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று எங்கேயோ படித்துவிட்டு ஆய்வுக் கட்டுரையைத் தேடிப் போனால், பத்து வரிச் சுருக்கத்தைக் காட்டிவிட்டு மீதிக்கு 39 டாலர் கேட்கிறது. பணம் கட்டத்தான் வேண்டுமா, வேறு வழியில் படித்தால் திருட்டாகுமா, படித்தால் எனக்குப் புரியுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கடைசி வரியில் “எங்க அம்மா உடம்பப் பத்தி எழுதுனத நாங்க படிக்கக் கூடாதா” என்று எழுதியிருந்தீர்களே, அதுதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கிறேன். பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிப் பல வருஷம் ஆகிறது, எங்கள் வயது ஆட்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான். தோட்டத்து லயத்தில் பிறந்தவள். என் அம்மா பால்மரம் வெட்டினார், ரப்பரை அழித்துச் செம்பனை வைத்த பிறகு சில வருஷம் மருந்தும் அடித்தார். நான் ஒரு விவசாய ஆராய்ச்சி நிலையத்தின் நூலகத்தில் 27 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். ஆய்விதழ்களுக்குச் சந்தா கட்டுவது, கேட்ட கட்டுரையை எங்கிருந்தாவது வரவழைத்துக் கொடுப்பது, இதுதான் என் தொழில். மருத்துவரும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. அந்தப் பக்கம் போகும் இடங்களில் நானே நிறுத்திக்கொள்வேன்.

முதல் கேள்விக்கு நேரடியாகப் பதில்: கட்டாதீர்கள். நீங்கள் கட்டும் 39 டாலரில் அந்த ஆய்வைச் செய்தவருக்கு ஒரு காசு போகாது. ஆய்விதழில் எழுதுபவருக்குச் சம்பளம் கிடையாது. அது சரியாக இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் குறை சொல்லும் சக ஆய்வாளர்களுக்கும் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. ஆய்வுக்கான பணம் பல நேரம் அரசாங்கத்தினுடையது, அதாவது மக்கள் வரி. பதிப்பகம் செய்வது ஒன்றுமில்லை என்று சொல்ல மாட்டேன், மதிப்பீட்டை ஒருங்கிணைக்கிறார்கள், திருத்துகிறார்கள், பாதுகாத்து வைக்கிறார்கள், அதற்கெல்லாம் செலவு உண்டு. ஆனால் அந்தச் செலவுக்கும் அவர்கள் கேட்கும் விலைக்கும் எவ்வளவு தூரம் என்பதை சந்தாப் பட்டியலை வருஷா வருஷம் கையில் வைத்திருந்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

1997-98 நிதி நெருக்கடி உங்களுக்கு ஞாபகம் இருக்காது. இரண்டரை வெள்ளிக்கு, அதாவது இரண்டரை ரிங்கிட்டுக்கு, கிடைத்த அமெரிக்க டாலர் நான்கு வெள்ளியைத் தாண்டியது, 1998 செப்டம்பரில் 3.80 என்று அரசாங்கம் கட்டி வைத்தது. ஆய்விதழ்களுக்கு விலை டாலரிலும் பவுண்டிலும்தான். எங்கள் பட்ஜெட்டோ வெள்ளியில். அந்த வருஷம் பட்டியலில் எதை வெட்டலாம் என்று சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தவள் நான். ஒவ்வொரு கோடும் அந்த நிலையத்தில் யாரோ ஒருவருடைய வேலையை நிறுத்தியது, அவர்கள் முகத்தை மறுநாள் பார்க்க வேண்டியிருந்தது. அப்போதாவது சந்தாவை நிறுத்தினால் பழைய இதழ்கள் அலமாரியில் இருந்தன. எல்லாம் கணினிக்குள் போன பிறகு, பல ஒப்பந்தங்களில், சந்தாவை நிறுத்தினால் நேற்று வரை படித்ததும் சேர்ந்து மூடிக்கொண்டது. எங்களைப் போன்ற நடுத்தர நாட்டு நூலகங்களுக்கே இந்தக் கதி என்றால், நூலகமே இல்லாத ஒரு தோட்டத்துப் பெண்ணுக்கு அந்தக் கதவில் என்ன இடம் இருக்கும் என்று அப்போதே நினைத்திருக்கிறேன்.

இதை மாற்றத்தான் திறந்த அணுக்கம் என்ற இயக்கம் வந்தது. இயற்பியல்காரர்கள் 1991-லேயே ஆர்க்சைவ் என்ற இடத்தில் தங்கள் கட்டுரைகளை எல்லோரும் படிக்கும்படி போடத் தொடங்கிவிட்டார்கள். 2002 பிப்ரவரியில் புடாபெஸ்ட் அறிக்கை வந்தது: ஆய்வுக் கட்டுரை இணையத்தில் இலவசமாக, யாரும் படிக்கவும் பகிரவும் பயன்படுத்தவும் கூடியதாக இருக்க வேண்டும் என்று. நம் ஆட்களுக்கு இது புதிய எண்ணம் இல்லை. சங்க இலக்கியம் முதல் எல்லாவற்றையும் தட்டச்சு செய்து இலவசமாகப் போடும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலுக்குத் தொடங்கியது, ஈழத்து நூல்களைச் சேர்க்கும் நூலகம் 2005-ல். பணம் உள்ளவனுக்கு மட்டும்தான் புத்தகம் என்ற நிலையைத் தமிழர்கள் தன்னார்வத்தில் உடைத்துக் காட்டியிருக்கிறார்கள். அறிவியல் பக்கத்தில் அதற்குச் சட்டமும் துணை வந்தது. அமெரிக்காவின் தேசிய நலக் கழகங்கள் தாங்கள் பணம் கொடுத்த எந்த ஆய்வையும் 12 மாதத்துக்குள் பப்மெட் சென்ட்ரல் என்ற பொதுக் களஞ்சியத்தில் வைக்க வேண்டும் என்று 2008-ல் கட்டாயமாக்கின. 2025 ஜூலையிலிருந்து ஏற்கப்படும் கட்டுரைகளுக்கு அந்த 12 மாதக் காத்திருப்பும் கிடையாது.

உங்களுக்கு இதனால் என்ன பயன் என்றால், பதிப்பகத்தின் பக்கத்தில் 39 டாலர் கேட்கும் அதே கட்டுரை, வேறொரு வாசலில் திறந்தே கிடக்கலாம். பலர் முதல் வாசலில் பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நான் செய்வது இது: கட்டுரையின் முழுத் தலைப்பை அப்படியே நகலெடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டு கூகிள் ஸ்காலரில் தேடுவேன். முடிவுக்குக் கீழே எல்லாப் பதிப்புகளும் என்று ஒரு இணைப்பு இருக்கும், அதைத் திறந்தால் பல்கலைக்கழகக் களஞ்சியத்தில் ஒரு பிரதி, பப்மெட் சென்ட்ரலில் ஒரு பிரதி என்று கிடைக்கும். அன்பேவால் என்று ஒரு இலவச நீட்சி இருக்கிறது, கணினியின் பிரவுசரில் போட்டு வைத்தால் சட்டப்படி திறந்த பிரதி எங்காவது இருக்கும்போது பக்கத்தில் பச்சைப் பூட்டு ஒன்று தெரியும், அதைத் தட்டினால் போதும். இப்படிக் கிடைப்பது சில நேரம் ஆசிரியரின் இறுதிக் கையெழுத்துப்படியாக இருக்கும், பதிப்பகத்தின் அழகான பக்க அமைப்பு இருக்காது, பக்க எண் மாறும். ஆனால் மதிப்பீடு முடிந்து திருத்தப்பட்ட எழுத்து அதுதான், எண்களும் முடிவுகளும் அவையேதான், தைரியமாகப் படிக்கலாம். முன்பதிப்பு என்று போட்டிருந்தால் மட்டும் கவனம், அது இன்னும் யாரும் சரிபார்க்காத வரைவு.

எங்கும் கிடைக்கவில்லை என்றால் எழுதியவரையே கேளுங்கள். சுருக்கத்துக்குப் பக்கத்தில் தொடர்புக்குரிய ஆசிரியரின் மின்னஞ்சல் இருக்கும். தயக்கம் வேண்டாம், இது பழைய வழக்கம். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்களிடம் அச்சடித்த அஞ்சலட்டைகள் கட்டுக்கட்டாக இருந்தன, “தங்கள் கட்டுரையின் பிரதி ஒன்று அனுப்ப வேண்டுகிறேன்” என்று. தலைப்பை நிரப்பி ஜெர்மனிக்கும் பிரேசிலுக்கும் அனுப்புவோம், இரண்டு மூன்று மாதத்தில் உறையில் வந்து சேரும், சிலர் கையெழுத்துப் போட்டு வாழ்த்தும் எழுதியிருப்பார்கள். இப்போது மின்னஞ்சலில் பலர் அன்றைக்கே அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் யார், எதற்குக் கேட்கிறீர்கள் என்று மூன்று வரி எழுதினால் போதும். மருந்து அடித்த ஒரு தாயின் மகள் என்று எழுதுங்கள். அதைப் படித்துவிட்டுப் பதில் போடாமல் இருக்கும் ஆய்வாளர்கள் குறைவு.

திருட்டா என்று கேட்டீர்கள். மேலே சொன்ன எதுவும் திருட்டு இல்லை, அதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. நம் நாட்டின் 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டமே ஆய்வுக்கும் தனிப்பட்ட படிப்புக்கும் நியாயமான அளவில் பயன்படுத்துவதை அனுமதிக்கிறது. அந்த நியாயமான அளவு எங்கே முடிகிறது என்பது வழக்கறிஞர் சொல்ல வேண்டியது. சை-ஹப் என்ற இணையதளத்தைப் பற்றி யாராவது உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். 2011-ல் அலெக்சாண்ட்ரா எல்பாக்யான் தொடங்கியது, பூட்டிய கட்டுரைகளைப் பதிப்பகங்களின் அனுமதியில்லாமல் கொடுக்கிறது. 2017-ல் ஒரு அமெரிக்க நீதிமன்றம் எல்செவியர் என்ற பதிப்பகத்துக்கு ஒன்றரைக் கோடி டாலர் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. அங்கே போகிறவர்களை நான் குறை சொல்வதில்லை, சிவப்புப் பேனாவைப் பிடித்த கை இது. ஆனால் உங்களை அங்கே அனுப்ப மாட்டேன், உங்களுக்கு அது தேவையும் இல்லை. நீங்கள் தேடும் முக்கியமான கட்டுரை இலவசமாகவே இருக்கிறது.

அது 2011-ல் வந்தது, அமெரிக்க அரசு நிறுவனம் ஒன்று திறந்த இதழாக நடத்தி வந்த என்விரான்மென்டல் ஹெல்த் பெர்ஸ்பெக்டிவ்ஸ் என்ற ஆய்விதழில். அயோவா, வட கரோலினா மாநிலங்களில் பூச்சிக்கொல்லி அடித்தவர்களையும் அவர்கள் துணைவர்களையும் எடுத்துக்கொண்டு, பார்க்கின்சன் வந்த 110 பேரை, வராத 358 பேரோடு ஒப்பிட்டார்கள். பாராகுவாட் பயன்படுத்தியவர்களிடம் நோய் வந்திருக்கும் வாய்ப்பு விகிதம் ஏறக்குறைய 2.5 மடங்கு. இந்த எண்ணைப் பார்த்ததும் நெஞ்சு பதறும், எனக்கும் பதறியது. ஆனால் இதைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். இரண்டு குழுக்களை ஒப்பிட்டு வந்த எண் இது. உங்கள் அம்மாவுக்கு இந்த நோய் எதனால் வந்தது என்பதை இந்த எண்ணால் சொல்ல முடியாது. பார்க்கின்சனுக்கு வயதுதான் பெரிய காரணி, மருந்தைத் தொட்டே பார்க்காதவர்களுக்கும் வருகிறது. அந்த மக்களையே உள்ளடக்கிய பெரிய விவசாயிகள் குழுவை நீண்ட காலம் பின்தொடர்ந்து 2020-ல் வந்த இன்னொரு ஆய்வில், ஒட்டுமொத்தமாகப் பார்க்கும்போது பாராகுவாட்டுடனான தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. ஆகவே உறுதியானது என்று நான் சொல்லக் கூடியது: பாராகுவாட் விழுங்கினால் உயிரைக் குடிக்கும் விஷம், அதற்கு மாற்று மருந்து கிடையாது, இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. பார்க்கின்சனோடு தொடர்பு இருக்கலாம் என்பதற்கு மதிக்கத்தக்க ஆதாரம் இருக்கிறது, ஆனால் முடிந்துபோன விவாதம் இல்லை. ஒரு கட்டுரையை மட்டும் படித்திருந்தால் நீங்கள் ஒரு பக்கமாகப் போயிருப்பீர்கள். திறந்திருப்பதன் பெரிய பலன், எதிர்த்துச் சொல்லும் இரண்டாவது கட்டுரையையும் நீங்களே எடுத்துப் பார்க்க முடிவது. எதைப் படித்தாலும் அம்மாவின் மாத்திரையில் கை வைக்காதீர்கள், அது டாக்டரிடம் பேச வேண்டியது.

இலவசமாகக் கிடைப்பதெல்லாம் நல்லது என்று நினைத்துவிடவும் கூடாது. எழுதியவரிடம் பணம் வாங்கிக்கொண்டு வாசகருக்கு இலவசமாகக் கொடுக்கும் முறை வந்த பிறகு, பணத்துக்காகவே எதையும் அச்சிடும் போலி ஆய்விதழ்கள் பெருகிவிட்டன. 2013-ல் சயின்ஸ் இதழுக்காக ஒரு பத்திரிகையாளர் வேண்டுமென்றே பிழைகள் நிறைந்த பொய்க் கட்டுரையை 304 திறந்த ஆய்விதழ்களுக்கு அனுப்பினார், 157 இதழ்கள் ஏற்றுக்கொண்டன. அதனால் ஆய்விதழின் பெயரை டிஓஏஜே என்ற திறந்த ஆய்விதழ்ப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள், கட்டுரையின் கடைசியில் ஆய்வுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்ற வரியையும் பாருங்கள். நம் நாட்டு இதழ்களில் மலேசிய மருத்துவச் சங்கத்தின் மருத்துவ இதழும், எம்பிஓபி என்ற மலேசியச் செம்பனை வாரியம் வெளியிடும் செம்பனை ஆய்விதழும் இலவசமாகவே கிடைக்கின்றன. புரியுமா என்ற பயத்துக்கு: முதலில் சுருக்கம், அப்புறம் நேராகக் கடைசியில் விவாதப் பகுதி, அதில் தங்கள் ஆய்வின் குறைகளைச் சொல்லும் பத்தி. நடுவில் உள்ள கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டுத் தமிழில் படித்தால், எண்களையும் ‘இல்லை’ என்று முடியும் வாக்கியங்களையும் மட்டும் ஆங்கில மூலத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள், அங்கேதான் அது சறுக்கும்.

இப்போது எனக்கு மனதில் வலிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். அயோவா விவசாயியின் உடம்பைப் பற்றி பத்தாங் பெர்ஜுந்தையில் உட்கார்ந்து இலவசமாகப் படிக்க முடிகிறது. நம் தோட்டத்துப் பெண்களை அத்தனை வருஷம் பின்தொடர்ந்து எடுத்த அப்படி ஓர் ஆய்வை நான் 27 வருஷத்தில் பார்த்ததில்லை. தெனாகானித்தா என்ற பெண்கள் உரிமை அமைப்பு மருந்து அடிக்கும் பெண்களிடம் பேசி, இரத்தம் எடுத்துப் பார்த்து 2002-ல் ஓர் அறிக்கை வெளியிட்டது, அது பெரிய காரியம். அதே ஆண்டில் பாராகுவாட்டுக்குத் தடை அறிவிப்பு வந்தது, 2006-ல் தளர்த்தினார்கள், 2020 ஜனவரி 1 முதல்தான் முழுத் தடை. உங்கள் அம்மாவின் 19 வருஷத்தை இந்தத் தேதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐரோப்பாவில் 2007 ஜூலையில் நீதிமன்றம் பாராகுவாட்டுக்குக் கொடுத்த அனுமதியை ரத்து செய்தது, பார்க்கின்சன் தொடர்பு பற்றி வெளியாகியிருந்த ஆய்வுகளை மதிப்பீட்டில் எடுத்துப் பார்க்கவே இல்லை என்பதையும் அந்தத் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. கட்டுரை அச்சில் வந்துவிட்டது, தீர்மானிக்கும் மேசைக்கு வரவில்லை.

நம் மாவட்டத்தில் இதை நாம் நேரில் பார்த்திருக்கிறோம். 1997 புகைமூட்டத்துக்குப் பிறகு காற்றுத் தூய்மைக்கேட்டு அளவையே அரசாங்கம் ரகசியமாக்கி வைத்திருந்தது. 2005 ஆகஸ்டில் எதிர் வீடு தெரியாத அளவுக்குப் புகை, நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், அளவு எவ்வளவு என்று கேட்டால் சொல்ல ஆள் இல்லை. பிறகு அமைச்சரவை எண்களை வெளியிட முடிவு செய்தது. கோலசிலாங்கூரிலும் கிள்ளான் துறைமுகத்திலும் 500-ஐத் தாண்டி, 11-ஆம் தேதி அவசர நிலை அறிவித்தார்கள். எட்டு வருஷம் ரகசியமாக இருந்தது நாங்கள் மூச்சில் இழுத்த காற்றின் எண். இன்றைக்கு அது மணிக்கு ஒரு தடவை கைப்பேசியில் தெரிகிறது, அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வரவில்லை.

சிலாங்கூரில் 2011-ல் நிறைவேற்றிய தகவல் சுதந்திரச் சட்டம் இருக்கிறது. ஆனால் அது மாநில அரசின் துறைகளுக்கும் ஊராட்சி மன்றங்களுக்கும்தான், கூட்டரசுத் துறைகளையும் தனியார் தோட்டத்தையும் அதை வைத்துக் கேட்க முடியாது. தோட்டத்தைக் கேட்க வேறு பிடி உண்டு: வேலையிடத்து இரசாயனங்கள் பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிமுறை. ஆபத்தான இரசாயனத்தைக் கையாளும் வேலையாளுக்கு முதலாளி ஆபத்து மதிப்பீடு செய்திருக்க வேண்டும், மருத்துவக் கண்காணிப்புக்கு உட்பட்டவர்களின் உடல்நலப் பதிவுகளை 30 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். உங்கள் அம்மாவின் வேலைக் காலத்தில் பெரும்பகுதி இதற்குள் வருகிறது. எழுத்தில் கேளுங்கள், பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்கும் என்று நான் உறுதி தர மாட்டேன். என் அம்மாவுக்காக நான் ஒரு தோட்டத்து ஆபீசில் கேட்டபோது, கைமாறியபோது பழைய ஃபைல் எல்லாம் போய்விட்டது என்று கிராணி கையை விரித்தார். ஆனால் பதிவு இல்லை என்று எழுத்தில் வாங்குவதும் ஒரு பதிவுதான். தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குப் போகும் எண்ணம் இருந்தால் வெளிநாட்டுக் கட்டுரையை மட்டும் வைத்துக்கொண்டு போகாதீர்கள். அம்மா எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரை, என்ன மருந்தை அடித்தார் என்பதுதான் அங்கே முதல் கேள்வியாக இருக்கும். வேலை பார்த்த வருஷங்களுக்கு இபிஎஃப் என்ற ஊழியர் சேமநிதிக்குப் பணம் கட்டிய விவரம் நல்ல சாட்சி. தொழில்சார் நோய் தெரிந்த டாக்டரையும், தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் யாரையாவதும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

என்ன மருந்து என்பதை இப்போதைக்குச் சொல்லக் கூடியவர் உங்கள் அம்மா ஒருவர்தான். அதனால் கட்டுரையைத் தேடுவதற்கு முன்னால் அவர் பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். தோம்பு என்ன நிறம், மருந்து தண்ணீரில் கலந்தால் என்ன நிறமாகும், புட்டியில் ஒட்டிய பட்டை என்ன நிறம், அடித்த புல் ஒரே நாளில் கருகியதா இல்லை ஒரு வாரம் கழித்து மஞ்சளானதா, கையுறை கொடுத்தார்களா, பம்பு முதுகில் ஒழுகியதா, எந்த மண்டோர் (மேற்பார்வையாளர்) காலத்தில் எந்த மருந்து. கூட வேலை பார்த்த இரண்டு மூன்று பேரையும் வரச் சொல்லுங்கள், ஒருவர் மறந்ததை இன்னொருவர் எடுத்துக் கொடுப்பார். தேதி போட்டு எழுதி, எல்லோரிடமும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வையுங்கள். மாத்திரை சாப்பிட்டு முக்கால் மணி, ஒரு மணி நேரம் கழித்துக் கேளுங்கள், அந்த நேரத்தில்தான் நடுக்கம் கொஞ்சம் அடங்கி அம்மாவுக்குப் பேச்சு சுலபமாக வரும்.